இரும்புப் பெட்டிக்குள் ஒரு தோட்டம்

கிராமத்தை விட்டு நகரத்தில் வந்து குடியேறிய நம்மில் அநேகருடைய உள்ளத்தில் ஒரு துண்டு நிலம் இன்னும் இருக்கிறது. சிலருக்கு அது தாமிரபரணிக் கரையில் விட்டுவந்த வாழைத் தோட்டம். சிலருக்குத் தேரிக்காட்டுப் பனைகளின் நடுவே கிடந்த முருங்கை விளை. அந்த நிலம் கைமாறி இருபது, முப்பது வருடங்கள் ஆகியிருக்கும். என்றாலும் வாடகை வீட்டு மொட்டை மாடியில், உடைந்த வாளியில் வைத்த கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும்போது நம் கை அந்தப் பழைய மண்ணைத்தான் தேடுகிறது. ஆகவே, "நிலம் வேண்டாம், மண் வேண்டாம், மழையும் வேண்டாம், ஒரு கப்பல் கன்டெய்னர் மாத்திரம் போதும், வருடம் முழுவதும் அறுவடை செய்யலாம்" என்று ஒருவர் வந்து சொன்னால், நம்மவர்கள் செவிகொடுத்துக் கேட்பதில் வியப்பில்லை.

என் மனைவியின் தம்பியும் அப்படித்தான் கேட்டார்.

நாங்கள் மைசூருக்கு வந்து 27 வருடங்கள் ஆகின்றன. குளிர்பதன அறைகளையும் ஏ.சி. இயந்திரங்களையும் பழுதுபார்ப்பது என் தொழில். ஹெப்பால் தொழிற்பேட்டையில் என் கை படாத கம்ப்ரஸர் குறைவு என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. மைத்துனர் எங்களுக்குப் பின்பு பத்து வருடம் கழித்து வந்து, மேட்டகள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். 2023-ஆம் ஆண்டில் அங்கே ஆட்குறைப்பு நடந்தபோது கிராஜுவிட்டி, பி.எஃப். எல்லாமாகச் சேர்த்து 11 லட்சம் ரூபாய் அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 51. மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மகன் பத்தாம் வகுப்பு. அந்தத் தொகையைத் தவிர அவருக்கு ஊரிலும் ஒன்றுமில்லை, இங்கேயும் ஒன்றுமில்லை.

பணம் வந்த செய்தி எப்படித்தான் வெளியே போகுமோ! இரண்டு மாதத்திற்குள் பெங்களூரிலிருந்து ஒரு நிறுவனத்தின் ஆள் வண்ணப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். 20 அடி நீளமுள்ள பழைய கப்பல் கன்டெய்னர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உள்ளே அடுக்குத் தட்டுகள், எல்.இ.டி. விளக்குகள், தண்ணீர்க் குழாய்கள், ஏ.சி. எல்லாம் பொருத்தித் தருவார்களாம். விலை 9 லட்சம். நாளொன்றுக்கு 8 கிலோ லெட்யூஸ் கீரை விளையுமாம். விளைந்ததை அவர்களே வாங்கிக்கொள்வார்களாம். புனே நகரில் மென்பொருள் வேலையை விட்ட ஒருவர் கன்டெய்னருக்குள் காஷ்மீரத்துக் குங்குமப்பூவை மலர வைத்த செய்தி 2022-இல் பத்திரிகைகளில் வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்தப் படமும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. மைத்துனர் 25 ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

"அத்தான், நீங்கள் ஏ.சி. விஷயம் தெரிந்தவர்கள். ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அவர் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு தெளிவு தெரிந்தது. அதைக் கண்ட பின்பு வாய் திறந்து மறுத்துப் பேசுவது எளிதாயிருக்கவில்லை.

முதலாவது, இந்தப் பெட்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி அமெரிக்காவின் நியூவர்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. லாரித் தொழில் செய்துவந்த மால்கம் மக்லீன் என்பவருடைய யோசனை அது. சாக்குச் சாக்காக, கூடை கூடையாக ஏற்றி இறக்கிய சரக்கை ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டி, லாரியிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து ரயிலுக்கும் அப்படியே தூக்கி வைத்தார்கள். அதன் நிமித்தம் உலக வாணிபமே மாறிப்போயிற்று. கடலில் தன் காலம் முடிந்த பெட்டிகள் கடையாகவும் காவலர் அறையாகவும் கட்டட வேலைத்தளங்களில் அலுவலகமாகவும் மாறி வருவதை நாம் வழியெங்கும் பார்க்கிறோம். 8 அடி அகலம், எட்டரை அடி உயரம். சுவர் என்பது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடுதான். வெயிலில் நிற்கும் பெட்டியின் கூரையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் குணம் தெரியும்.

இந்தப் பெட்டிக்குள் பயிர் வளர்ப்பது பொய்யல்ல. அதை நான் மைத்துனரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். மண்ணின்றிச் சத்துநீரில் செடி வளர்ப்பது நம் நாட்டுக்கும் புதியதல்ல; 1946-இலேயே வங்காளத்தின் காலிம்பாங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் அதைச் சோதித்து, எளிய மக்களுக்கு ஏற்ற முறையாக வகுத்தார். பெட்டிக்குள் வளர்ப்பதற்கோ இன்னும் அழகான உதாரணம் உண்டு. 2018-இல் ஜெர்மானிய விண்வெளி மையத்தார் இரண்டு 20 அடிப் பெட்டிகளைக் கொண்டு தோட்டம் ஒன்றை அமைத்து, அன்டார்டிகா கண்டத்தின் நியூமேயர் ஆய்வு நிலையத்தின் அருகில் நிறுவினார்கள். பல வாரங்கள் சூரியனே உதிக்காத இடம். வெளியே பனிப்புயல் வீசுகையில் உள்ளே வெள்ளரியும் தக்காளியும் காய்த்தன. பன்னிரண்டரை சதுர மீட்டர்ப் பரப்பில் ஒன்பதரை மாதங்களில் 268 கிலோ காய்கறி விளைந்தது. மாதக்கணக்கில் பச்சைக் காய்கறியைக் காணாமல் அடைபட்டுக் கிடக்கும் மனிதருக்கு ஒரு வெள்ளரிக்காயின் விலை என்ன? அங்கே கணக்குப் பார்க்க யாருக்கும் மனம் வராது.

ஆனால் நாம் இருப்பது மைசூரில். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2500 அடி உயரம், இதமான தட்பவெப்பம், வருடத்தின் பெரும் பகுதி நல்ல வெயில். அன்டார்டிகாவில் இல்லாத எல்லாம் இங்கே உண்டு. விலைகொடுத்து அவற்றை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே விலைகொடுத்து வேறொரு சூரியனை உண்டாக்க வேண்டுமா? இதுதான் எனக்குள் எழுந்த கேள்வி. மைத்துனரின் மகள் சமையலறை மேசையில் நோட்டுப் புத்தகத்தை விரித்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

20 அடிப் பெட்டிக்குள் நடக்க வழிவிட்டு, இருபுறமும் நான்கு அடுக்குத் தட்டுகள் வைத்தால் பயிர் செய்யும் பரப்பு சுமார் 24 சதுர மீட்டர் கிடைக்கும். லெட்யூஸ் போன்ற கீரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 75 வாட் அளவுக்காவது நல்ல எல்.இ.டி. விளக்கு வேண்டும், நாளுக்கு 16 மணி நேரம் எரிய வேண்டும். ஆக விளக்குக்கு மாத்திரம் நாளொன்றுக்கு 29 யூனிட். விளக்கில் செலவாகும் மின்சாரம் எங்கே போகிறது? செடி அதில் மிகச் சிறிய பங்கையே தன் உடலாக்கிக்கொள்கிறது. மற்றதெல்லாம் கடைசியில் உஷ்ணமாகிறது. பனிக்கண்டத்தில் அந்த உஷ்ணம் உதவி. மைசூரிலோ அதை ஏ.சி. வைத்து வெளியே இறைக்க வேண்டும். மேலும், செடிகள் குடித்த தண்ணீரை இலை வழியாக ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தையும் ஏ.சி.தான் இழுத்து வெளியேற்ற வேண்டும். வெளியிலிருந்து கூரை வழியாக இறங்கும் வெப்பம் வேறு. காற்றாடி, தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்த்து இன்னும் 15 யூனிட் என்று மிகவும் தாராளமாகக் குறைத்தே போட்டேன். மொத்தம் 44 யூனிட்.

விளைச்சல் எவ்வளவு? சதுர மீட்டருக்கு 25 செடி, செடிக்கு 150 கிராம், 35 நாளில் அறுவடை என்று நல்லபடியாகவே வைத்துக்கொள்வோம். 24 சதுர மீட்டரில் 35 நாளைக்கு 90 கிலோ. நாளுக்கு இரண்டரை கிலோ! புத்தகத்தில் போட்டிருந்த 8 கிலோ எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இரண்டரை கிலோ கீரைக்கு 44 யூனிட் என்றால் கிலோவுக்கு 17 யூனிட்டுக்கு மேல். யூனிட் 7 ரூபாய் என்று கொண்டால், விதை, சத்துநீர், கூலி, வட்டி எதுவும் சேராமல், ஒரு கிலோ கீரையில் மின்சாரம் மாத்திரம் 120 ரூபாய்.

இதே மைசூரில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு நாளைக்கு விழும் வெயிலின் ஆற்றல் சராசரியாக 5 யூனிட் அளவு இருக்கும். நாம் விளக்குக்குக் கொடுப்பதோ சதுர மீட்டருக்கு 1.2 யூனிட். அதாவது, நான்கு மடங்கு இலவசமாகக் கூரைமேல் விழுந்து இரும்பைச் சூடாக்கிக்கொண்டிருக்க, உள்ளே நாம் ஒரு பங்கை விலைக்கு வாங்கிக்கொண்டிருப்போம். இன்னொன்று. லெட்யூஸ் என்பது நமக்குத்தான் அபூர்வம். இங்கிருந்து 125 கிலோமீட்டரில் ஊட்டி இருக்கிறது. நீலகிரி விவசாயிகள் அதைத் திறந்த வெளியில், வெறும் வெயிலிலும் பனியிலும் விளைவித்து லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். பந்திப்பூர்க் காட்டு வழியில் 2009 முதல் இரவுப் போக்குவரத்துத் தடை இருப்பதால் லாரி வரும் நேரம் மாறுமே தவிர, கீரை வந்து சேராமல் போவதில்லை.

குங்குமப்பூவைப் பற்றியும் கேட்டார். அது வேறு கதை. குங்குமப்பூவின் கிழங்கு தன்னுள் சேர்த்து வைத்த உணவைக் கொண்டே பூக்கிறது. அந்தச் சில வாரங்களுக்கு மண்ணும் வேண்டாம், பெரிய வெளிச்சமும் வேண்டாம். ஆகவே பெட்டிக்குள் பூப்பது மெய்தான். ஆனால் பூத்து முடிந்த கிழங்கு அடுத்த வருடத்துக்குப் புதிய கிழங்குகளை ஈன வேண்டுமானால் பல மாதம் இலைவிட்டு ஒளியைத் தின்ன வேண்டும். அந்தப் பகுதியைப் படத்தில் யாரும் காட்டுவதில்லை.

மைத்துனருடைய முகம் மாறியது. "அமெரிக்காவில் பெரிய பெரிய கம்பெனிகள் செய்கிறார்களே, அவர்களுக்குக் கணக்குத் தெரியாதா?" என்றார். நியாயமான கேள்வி. அங்கே பாஸ்டன் நகரில் 2010-இல் தொடங்கிய ஃபிரெய்ட் ஃபார்ம்ஸ் என்னும் நிறுவனம்தான் கன்டெய்னர்த் தோட்டத்தை உலகுக்குப் பிரபலமாக்கியது. பள்ளிகள், மருத்துவமனைகள், தனி விவசாயிகள் என்று பலர் அவர்களிடம் பெட்டி வாங்கினார்கள். அந்நிறுவனம் 2025 ஏப்ரலில் திவாலாகித் தன் கதவை மூடிவிட்டது. கட்டடங்களுக்குள் அடுக்கடுக்காகக் கீரை வளர்த்த நியூயார்க்கின் பவரி நிறுவனம் அதற்கு முன்பே, 2024 நவம்பரில், தொழிலை நிறுத்தியது. நாங்கள் மேசையில் அமர்ந்து கணக்குப் போட்டது 2023-இன் கடைசியில். ஆகையால் இந்தச் செய்திகள் அப்போது என் கையில் இல்லை. நோட்டுப் புத்தகம் மாத்திரம் இருந்தது. அது அவருக்குப் போதவில்லை.

"நான் ஒரு காலூன்றி நிற்பது உங்களுக்குப் பிடிக்கவில்லையா அத்தான்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். ஐந்து வாரங்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. என் மனைவி இரு பக்கமும் பேச முடியாமல் தவித்தாள். அவருடைய மனைவி மாத்திரம் ஒருநாள் போனில் அழைத்து, "அண்ணன், மகள் அந்த நோட்டை எடுத்து வைத்திருக்கிறாள். அவர் ராத்திரியில் எடுத்துப் பார்க்கிறார்" என்றார்.

கடைசியில் அவரைத் திருப்பியது என் கணக்கு அல்ல. அந்த நிறுவனத்தாரிடம் அவர் ஒன்று கேட்டிருக்கிறார்: "இரண்டு வருடம் ஓடிய ஒரு பெட்டியையும், அதன் மின் கட்டணச் சீட்டுகளையும் காட்டுங்கள்." நான்கு மாதம் ஓடிய பெட்டி ஒன்றையே அவர்களால் காட்ட முடிந்தது. கட்டணச் சீட்டு வேறு ஊர் அலுவலகத்தில் இருக்கிறது என்றார்களாம். அவர் பின்வாங்கினார். முன்பணம் 25 ஆயிரம் திரும்பி வரவேயில்லை.

பணம் காப்பாற்றப்பட்டது, ஆனால் மனிதர் உட்கார்ந்துவிட்டார். வேலையில்லாத ஐம்பது வயதுக்காரர் காலையில் செய்தித்தாளை இரண்டு முறை படிப்பதை நீங்கள் பார்த்திருந்தால் நான் சொல்வது புரியும். "வேண்டாம்" என்று சொன்னவன் "வேறென்ன" என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கேள்வியோடு நான் சில வாரங்கள் அலைந்தேன்.

பதில் எங்கள் ஊரிலேயே, அதுவும் அறுபது வருடத்துக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. மைசூரில் செலுவாம்பா மாளிகை என்ற அரண்மனையில் 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இயங்கி வருகிறது. உள்ளூரில் யாரைக் கேட்டாலும் சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்பார்கள். அங்கே ஜாகியா பானோ, ஸ்ரீவஸ்தவா என்னும் இரு ஆய்வாளர்கள் நெல் வைக்கோலில் சிப்பிக் காளான் வளர்க்கும் முறையை ஆராய்ந்து 1962-இல் வெளியிட்டார்கள். இன்று நம் நாட்டின் எத்தனையோ ஊர்களில் பெண்கள் கொட்டகைகளில் செய்துவரும் சிப்பிக் காளான் தொழிலுக்கு இது ஒரு முன்னோடி. (வைக்கோல் காளான் என்னும் மற்றொரு வகையை 1943-லேயே நம் கோயம்புத்தூரில் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள் என்பதையும் ஊர்ப் பற்றோடு சொல்லிவைக்கிறேன்.)

காளான் செடியல்ல. அதற்குப் பச்சையம் இல்லை. வெயிலைத் தின்று வளர்வதில்லை. வைக்கோலில் ஏற்கெனவே இருப்பதைத் தின்று வளர்கிறது. அந்த வைக்கோலை உண்டாக்கிய வெயிலோ மண்டியாவின் வயல்களில் விலையின்றி விழுந்தது. ஆகவே மூடிய அறையில் வளர்ப்பதற்கு என்றே படைக்கப்பட்டதுபோல் ஒரு பயிர் உண்டென்றால் அது இதுதான். மொட்டு விடும்போது மெல்லிய வெளிச்சம் இருந்தால் போதும். ஒரு டியூப்லைட்டே அதற்கு அதிகம்.

மைத்துனர் அரசு நிலையம் ஒன்றில் குறுகிய பயிற்சி பெற்று, முதலில் வீட்டின் பின்னறையில் 20 படுக்கைகள் வைத்துப் பார்த்தார். வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஓர் இரவு ஊறவைத்து, வெந்நீரில் வேகவைத்து, பிழிந்தால் சொட்டாத அளவுக்கு உலர்த்தி, பாலிதீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்கு காளான் வித்து என்று மாற்றி மாற்றி நிரப்ப வேண்டும். இருட்டறையில் பதினைந்து, இருபது நாளில் வெண்ணிற இழைகள் பை முழுவதும் பரவிவிடும். அதன் பின்புதான் ஈரமும் காற்றோட்டமும் உள்ள அறை வேண்டும். அந்த அறைக்குத்தான் நான் கன்டெய்னரைச் சொன்னேன்.

ஏன், தென்னங்கீற்றுக் கொட்டகை போதாதா என்று நீங்கள் கேட்கலாம். சொந்த நிலம் இருந்தால் போதும். அதுவே மலிவு, அதுவே குளிர்ச்சி. ஊரில் இருக்கிறவர்களுக்கு நான் கன்டெய்னரைச் சொல்லவே மாட்டேன். ஆனால் குடியேறி வந்தவனுக்கு இடம் ஏது? இலவாலாவுக்கு அருகில் அவருக்குக் கிடைத்தது 11 மாத ஒப்பந்தத்தில் ஒரு வெற்றுமனை. கட்டடம் கட்டக் கூடாது, கீற்றுக் கொட்டகை தீப்பிடிக்கும் என்று பக்கத்து மனைக்காரரும் ஒப்பவில்லை. ஒப்பந்தம் முடிந்து எழும்பச் சொன்னால், கட்டின சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? பெட்டியை முடியும். வெயிலை வாங்குவதற்கல்ல, இடம் பெயர்வதற்காகவே எங்களுக்குப் பெட்டி தேவையாயிற்று.

அதுவும் சாதாரணப் பெட்டியல்ல. சாதாரணக் கன்டெய்னரின் தரை மரப்பலகையால் ஆனது. கடல் கடந்து பூச்சிகள் பரவாதிருக்க அந்தப் பலகையில் மருந்து ஏற்றியிருப்பார்கள். எந்த மருந்து என்ற விவரம் கதவில் அறைந்த தகட்டிலேயே இருக்கும். உணவுப் பொருள் வளர்க்கிறவர்கள் அதைப் படிக்காமல் வாங்கக் கூடாது. நாங்கள் தேடியது மீனும் பழமும் ஏற்றிச் செல்லும் குளிர்பதனக் கன்டெய்னர். தொழிலில் அதை ரீஃபர் என்போம். உட்சுவர் துருப்பிடிக்காத உலோகம், இடையில் மூன்று அங்குல அளவுக்கு வெப்பம் கடத்தாத நுரைப்பொருள், தரை அலுமினியம். கம்ப்ரஸர் செத்துப்போன ரீஃபர் பெங்களூர் ஒயிட்ஃபீல்டு பக்கத்துப் பழைய சாமான் முற்றங்களில் கிடைக்கும். கம்ப்ரஸர் செத்திருப்பது எங்களுக்கு நல்லதே. விலை குறையும், அது எங்களுக்குத் தேவையும் இல்லை. வாங்கி, கிரேன் வைத்து இறக்கி, காற்றாடிகள் பொருத்தி முடிக்க எல்லாமாக மூன்று லட்சத்துக்குள் அடங்கிற்று. சுமார் 3 டன் எடையுள்ள பெட்டியை டிரெய்லரில் ஏற்றி, மின்கம்பிகளுக்கு அடியில் மூங்கில் கழியால் கம்பியை உயர்த்திப் பிடிக்காமல் செல்லும் வழி ஒன்றைத் தேடவே இரண்டு நாள் சுற்றினோம்.

அதில் முதல் வேலையாக நான் செய்தது, உள்ளேயிருந்து கதவைத் திறக்கும் தாழ்ப்பாள் வைத்தது. கன்டெய்னரின் கதவு வெளியேயிருந்துதான் பூட்டவும் திறக்கவும் கூடியது. உள்ளே ஒருவர் வேலை செய்கையில் காற்றடித்தோ, பிள்ளைகள் விளையாட்டாகவோ கதவைச் சாத்திவிட்டால் கூப்பிடும் சத்தம் வெளியே கேட்காது. என் தொழிலில் குளிர் அறைக்குள் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிப் போதுமான அளவு கேட்டிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது பழைய ரீஃபர் வாங்கினால், மற்றதெல்லாம் பிறகு. இதை முதலில் செய்துவிடுங்கள்.

இரண்டாவது, காற்று. காளான் நம்மைப்போலவே உயிர்க்காற்றை இழுத்துக் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. கீரைப் பெட்டியை இறுக்கி மூட வேண்டும். காளான் பெட்டியையோ மூச்சுவிடச் செய்ய வேண்டும். கீழே காற்று நுழையவும் மேலே வெளியேறவும் வழி வெட்டி, ஈ புகாத நெருக்கமான வலை வைத்தோம். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று மைத்துனர் முதல் மாதம் இரவில் காற்றாடியை நிறுத்தி வந்தார். காளான்கள் குடை விரியாமல், தண்டு மாத்திரம் நீண்டு, ஊதுகுழல்போல் வளர்ந்து நின்றன. ஹோட்டல்காரர் ஒருவர்கூட வாங்கவில்லை. காற்றாடியை விடாமல் ஓட்டியபின் அடுத்த வாரமே குடை சரியாக விரிந்தது. ஈரம் குறையாதிருக்க அலுமினியத் தரையின் பள்ளங்களில் தண்ணீர் நிறுத்துகிறார். நீர் வடியும் துளைகளுக்கு வலை போடாதிருந்தால் எலி குடும்பத்தோடு வந்து குடியேறியிருக்கும். பச்சைப் பூஞ்சை தொற்றின பையை அன்றே வெளியேற்றுகிறார். பறிக்கும் நேரத்தில் முகக்கவசம் கட்டாயம். சிப்பிக் காளான் உதிர்க்கும் நுண்துகள் மூடிய இடத்தில் தினமும் மூச்சில் ஏறினால் சிலருக்கு நெஞ்சு பாதிக்கும். மருமகள் நர்சிங் படிக்கிறவளாதலால் இந்த விஷயத்தில் தகப்பனுக்கு அவளே அதிகாரி.

இனி நோட்டுப் புத்தகம். பெட்டிக்குள் ஏறக்குறைய 12 சதுர மீட்டர் தரை. உறிகளில் தொங்கும் படுக்கைகள் 160. ஒரு கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 600 முதல் 700 கிராம் வரை எடுக்கிறார். சராசரியாக நாளுக்கு இரண்டேகால் கிலோ. கீரைப் பெட்டியில் நாம் கணக்கிட்ட எடைக்கு ஏறக்குறைய அதே அளவு. ஆனால் காற்றாடி, ஈரமூட்டி, சிறு விளக்கு எல்லாமாக மின்சாரம் நாளுக்கு 6 யூனிட்டுக்குள் நிற்கிறது. கிலோவுக்கு 3 யூனிட்கூட ஆகவில்லை.

இதைப் படித்து யாரும் உடனே கம்ப்ரஸர் செத்த பெட்டியைத் தேடிப் புறப்பட வேண்டாம். கிலோ 200 ரூபாய்க்கு விற்றாலும் நாளுக்கு 450 ரூபாய்தான். அதில் வித்து, வைக்கோல், விறகு, வாடகை எல்லாம் போக மிஞ்சுவது பாதிக்குச் சற்று மேல். வளர்ப்பதைவிட விற்பது கடினம். மைசூர்க்காரர்களுக்குத் தெரிந்த காளான் டப்பாவில் வரும் வெள்ளை மொட்டுக் காளான், சிப்பியைக் கண்டால் "இது கெட்டுப்போனதா?" என்று கேட்கிறார்கள். பறித்த காளான் வெளியில் ஒரு நாள் தாங்குவதே அரிது. விற்காததை வெயிலில் உலர்த்திப் பொட்டலம் போடுகிறார் என் மைத்துனரின் மனைவி. அவர் இரவில் ஒரு குடியிருப்பில் காவல் வேலைக்கும் போகிறார். மீதிப் பணம் தபால் நிலையத்தில் இருக்கிறது. மகளுடைய கடைசி வருடக் கட்டணம் அதன் வட்டியிலும் காளானிலுமாகக் கட்டப்பட்டது.

மனை ஒப்பந்தம் ஒரு முறை புதுப்பிக்கப்பட்டுவிட்டது. மறுமுறை நடக்காதென்று உரிமையாளர் சொல்லியிருப்பதால் ஹூன்சூர் சாலையில் வேறு இடம் பார்த்து வருகிறோம். கிரேன்காரரிடமும் பேசி வைத்தாயிற்று. இதற்கிடையில், இன்னொரு ரீஃபர் வாங்கலாமா என்று மைத்துனர் கேட்கிறார். மைசூரில் ஏப்ரல் மாதம் வெயில் 35 டிகிரியைத் தாண்டும்போது காளான் சுணங்கிவிடுகிறது; அப்போது பெட்டியைக் குளிர்விக்க என்ன ஆகிறது என்று முழுவதுமாக ஒரு கோடைக்காவது பார்த்தாக வேண்டும். மார்ச் முதல் மே வரையான மின் கட்டணச் சீட்டுகளை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவற்றை ஒட்டுவதற்கு மகள் நோட்டில் நாலு பக்கம் விட்டு வைத்திருக்கிறாளாம்.